மூன்று புள்ளிக்குள் இருந்த முகம்

‘இஷ்’ என்கிற வாலை நம்பி எந்தக் காரியத்திலும் இறங்கக் கூடாது என்பது என் கட்சி. ஆங்கிலத்தில் ஒருவன் ஆறு மணிக்கு வருகிறேன் என்றால் ஓரளவு நம்பலாம். ‘சிக்ஸிஷ்’ வருகிறேன் என்றால் ஏழுக்கும் வருவான், எட்டுக்கும் வருவான், வராமலும் இருப்பான். கேட்டால், நான் ஆறு என்று எங்கே சொன்னேன் என்பான். நழுவுகிறவனுக்கென்றே செய்து வைத்த வால் அது.

அந்த மாதிரி வால்களைப் பிடித்து அடுக்குவதுதான் என் பிழைப்பு. பேச்சு ஆங்கிலத்துக்கு அகராதி போடுகிற அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். தேடுவது ஆங்கிலம், சண்டை போட்டுக்கொள்வது தமிழ். ஒரு சொல் முதன்முதலில் எந்தத் தேதியில் அச்சில் வந்தது என்று கண்டுபிடித்து, அந்த வாக்கியத்தை ஒரு கார்டில் எழுதி, மரப்பெட்டியில் வைக்க வேண்டும். அதைவிட முந்தைய தேதி கிடைத்தால் பழைய சான்றைத் தூக்கிவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். அதில் தயவு தாட்சண்யம் கிடையாது. தேதிக்கு நான் பொறுப்பு என்பதால் எனக்குத் ‘தேதியம்மா’ என்று பெயர். எங்கள் தலைமைப் பதிப்பாசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘கத்தரி’. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்கிற பேர்வழி. ஒரு கார்டில் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் இருந்தால் அவருக்கு மூச்சு முட்டும். நடுவில் வெட்டி மூன்று புள்ளி வை என்பார். வைப்போம்.

இந்த வருடம் புதிய பதிப்புக்காக ‘இஷ்’ஷின் வரலாற்றைத் திருத்தி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. திட்டிக்கொண்டேதான் எடுத்தேன். ஆனால் அந்த வாலுக்கு வயது ஆயிரத்துக்கு மேல். முதலில் இன்ன நாட்டுக்காரன், இன்ன கூட்டத்துக்காரன் என்று சொல்ல மட்டும் பயன்பட்டது. ‘இங்கிலிஷ்’ஷின் கடைசியில் உட்கார்ந்திருப்பது அதுதான். பிறகு இன்னாரைப் போல என்று சொல்ல வந்தது, ‘சைல்டிஷ்’ மாதிரி. அப்புறம் நிறத்தில் ஒட்டிக்கொண்டது, நீலம் மாதிரி ஆனால் முழு நீலம் இல்லை என்று சொல்ல. அதன் பிறகு வயதிலும் கடிகாரத்திலும் ஏறிக்கொண்டது. இப்போது தலையே வேண்டாம் என்று வால் மட்டும் தனியாக நடமாடுகிறது. ‘சந்தோஷமா இருக்கியா?’ என்று கேட்டால் ‘இஷ்’ என்று பதில் சொல்கிறார்கள். அதற்கு மேல் ஒரு வாலுக்கு என்ன பதவி உயர்வு வேண்டும்?

அந்த வாலுக்கு மட்டும் பதினோரு பெட்டி கார்டுகள் இருக்கின்றன. திங்கட்கிழமை மத்தியானம் நாலாவது பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். நடுவில் ஒரு கார்டைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. ‘ஸ்மைலிஷ்’ என்று எழுதியிருந்தது.

அந்தச் சொல்லின் கதையைச் சொல்லிவிடுகிறேன். சிரித்த முகம் என்று சொல்ல முடியாது, ஆனால் சிரிப்பின் வாசல்படி வரை வந்து நிற்கிற முகம் இருக்கிறதே, அதற்குத்தான் ஸ்மைலிஷ். மூன்று வருடத்துக்கு முந்தைய பதிப்பில் அதைச் சேர்த்தோம். ஒரு மருத்துவமனையின் ஊழியர் இதழில் பதிமூன்று வருடத்துக்கு முன் வந்த கட்டுரையை முதல் சான்றாகக் கொடுத்தோம். எழுதியவர் ஆண்கள் வார்டு சிஸ்டர். அவர் பெயரையும் அச்சிட்டோம்.

பதிப்பு வந்த இரண்டாவது வாரம் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டை, கோடு போட்ட மாதிரி வகிடு. அந்த சிஸ்டரின் கணவர் என்று சொன்னார். முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை அடித்து, இல்லாவிட்டால் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுகிற உத்தியோகம். முப்பத்தாறு வருடம் ஐந்து கிராமுக்குக்கூட இடம் கொடுக்காத மனிதர். ‘ஏறக்குறைய’ என்று யாராவது சொன்னால் அவருக்கு முகம் சுருங்கும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘தராசு ஐயா’.

அன்று அவர் சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

“அவ அந்தக் கட்டுரைய அனுப்பறதுக்கு முன்னாடி எங்கிட்டதாம்மா கொடுத்தா. தப்பு இருந்தா பாருங்கன்னா. நான் சிவப்புப் பேனாவால இந்த ஒரு சொல்லுக்கு அடியில கோடு போட்டு, ஓரத்துல ‘இல்லாத சொல்’னு எழுதித் திருப்பிக் கொடுத்தேன். நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல. அவ பாத்துட்டு சிரிச்சா. அப்படியே அனுப்பிட்டா. அப்புறம் நாலே வருஷம்தான் இருந்தா.”

பிறகு, “இப்ப நீங்க இருக்குற சொல்லுன்னு போட்டிருக்கீங்க. அவ பேரும் போட்டிருக்கீங்க. நான் அவகிட்ட கேக்க வேண்டிய மன்னிப்ப நீங்க அச்சுல கேட்டுட்டீங்கம்மா” என்றார்.

அதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவார். வாஷ்பேசினில் கை கழுவிவிட்டு வந்து அந்தக் கார்டைக் கேட்பார். பூதக்கண்ணாடி வைத்து ஒரு தடவை படிப்பார். திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கோயில் மாதிரி ஆக்கிட்டாரே என்று கத்தரி முணுமுணுப்பார். ஆனால் வேண்டாம் என்று சொன்னதில்லை.

இப்போது என் கையில் இருந்த கார்டுக்கு வருகிறேன். அது வேறு கார்டு. ஒரு வாரப் பத்திரிகையின் வாசகர் கடிதம். எழுதியவர் ஒரு ரயில் ஓட்டுநர். தேதி பதினேழு வருடத்துக்கு முந்தையது. அதாவது சிஸ்டரின் கட்டுரைக்கு நாலு வருடம் முன்பே அந்தச் சொல் அச்சில் வந்துவிட்டது. அதில் இருந்த வாக்கியத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “ ‘இன்றைக்கு நீங்கள் ஸ்மைலிஷ்’ என்பார் … மாலைக்குள் நானும் அப்படித்தான் ஆகிவிடுவேன்.”

கையெழுத்து என்னுடையது.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானைகூட இல்லை. புதிதாக ஒரு சொல் கிடைத்தால் இரண்டு கார்டு போட வேண்டும், ஒன்று சொல்லின் பெட்டிக்கு, ஒன்று வாலின் பெட்டிக்கு. இது எங்கள் அலுவலகத்தில் முதல் நாள் சொல்லித்தருகிற பாடம். அந்த வருடம் வால் சேகரிக்கிற மும்முரத்தில் நான் ஒரே கார்டை எழுதி இங்கே போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் இந்தச் சொல்லுக்காக நூலகம் நூலகமாக அலைந்தபோது இது என் மேஜையிலிருந்து எட்டடி தூரத்தில் இருந்திருக்கிறது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கார்டைத் திரும்ப உள்ளே தள்ளிவிடலாம் என்று தோன்றியது. பாதி தள்ளியும்விட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது? அந்த அகராதிப் பக்கத்தைச் சட்டம் போட்டு ஒரு மனிதர் தன் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார், அவருடைய ஒரே நிம்மதி அது. அதைப் பிடுங்கி இந்த உலகத்துக்கு என்ன ஆகப்போகிறது? ஆனால் முந்தைய தேதியை ஒளித்து வைக்கிற தேதியம்மாவுக்கு அப்புறம் அந்த நாற்காலியில் என்ன வேலை? என்னையே நாலு வார்த்தை திட்டிக்கொண்டு கார்டை எடுத்துப் போய்க் கத்தரியின் மேஜையில் வைத்தேன்.

அவர் தேதியை மட்டும் பார்த்தார். “நாலு வருஷம் முந்தி. அப்ப அந்தம்மாவ எடுத்துட வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அச்சுக்குப் போகுது.”

“தராசு ஐயாகிட்ட நான் நேர்ல போய் சொல்லிட்டு வரேன் சார்.”

“நாம ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய்ச் சொல்லிட்டிருக்க முடியுமா மேடம்?”

“ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போகல. ஒரு வீட்டுக்குப் போறேன்” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று.

மறுநாள் காலை போனேன். அவர் மகள் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். கடைக்கு மேலே வீடு. நான் படியேறும்போது மகள் பின்னாலேயே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, நீங்க ஃபோன் பண்ணதுலேர்ந்து அப்பா ஒரே பரபரப்பா இருக்கார். காலைல ஏழு மணிக்கே சட்டை போட்டு உக்காந்துட்டார். நல்ல சேதியா அக்கா?”

“மேல வாம்மா, ரெண்டு பேருக்கும் சேத்து சொல்றேன்” என்றேன்.

அறையில் சாமான்கள் அதிகம் இல்லை. ஜன்னலோரம் ஒரு மேஜை, அதன் மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சின்னப் பித்தளைத் தராசு. எதிர்ச்சுவரில் எங்கள் அகராதியின் ஒரு பக்கம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. இம்மி கோணல் இல்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்து மாட்டினார் என்று மகள் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். காப்பி வந்தது. அதைக் குடிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். குடித்துவிட்டுச் சொன்னால் துரோகம் மாதிரி இருக்கும்.

மென்று முழுங்காமல் சொன்னேன். இப்படி ஒரு கார்டு கிடைத்தது, நாலு வருடம் முந்தையது, நாங்கள் மாற்ற வேண்டியிருக்கிறது, சிஸ்டரின் பெயர் அங்கே இருக்காது.

அவர் கையை நீட்டினார். “கார்டு கொண்டு வந்திருக்கீங்களா?”

கொடுத்தேன். எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார்.

“தேதி சரியா பாத்தீங்களா?”

“பாத்தேன் ஐயா.”

“அப்ப எடுத்துடுங்க.” கார்டை மேஜையில் வைத்தார். “நம்ம வீட்டு ஆளுங்கறதுக்காக எடைக்கல்ல மாத்த முடியாது.”

“அதெப்படிப்பா?” மகளுக்கு அழுகை வந்துவிட்டது. “அம்மா பேரு அது ஒரு இடத்துலதான் இருக்கு. இவங்க போட்டாங்க, இப்ப இவங்களே எடுக்கறாங்க. நீங்களும் தலையாட்டிட்டு உக்காந்திருக்கீங்க.”

“அவங்க தப்பா நிறுத்தத இப்ப சரியா நிறுக்கறாங்க. அதுக்குக் கோபப்பட்டா நான் முப்பத்தாறு வருஷம் பாத்த வேலைக்கு என்னம்மா அர்த்தம்?” என்று சொல்லிவிட்டு எழுந்து சுவரருகே போனார். சட்டத்தைக் கழற்றக் கையைத் தூக்கினார். இரண்டு ஓரத்தையும் பிடித்தார். அதற்கு மேல் கை போகவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கழற்றாமலே திரும்பி வந்து உட்கார்ந்தார். கார்டை மறுபடி எடுத்தார். இந்தத் தடவை தேதியைப் பார்க்கவில்லை, வாக்கியத்தைப் பார்த்தார்.

“ ‘என்பார்’னு இருக்கே. யாரு சொன்னது?”

“தெரியல ஐயா. கடிதம் எழுதினவருக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கும்.”

“இந்த மூணு புள்ளி என்னது?”

“இடம் பத்தாதுன்னா நடுவுல கொஞ்சம் எடுத்துடுவோம். எடுத்ததுக்கு அடையாளம் அந்தப் புள்ளி.”

“எவ்வளவு எடுத்தீங்க?”

இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. “ஞாபகம் இல்ல ஐயா” என்றேன்.

“கடைக்காரங்ககிட்ட இதத்தாம்மா கேப்பேன். எடை குறையுதுப்பா, குறைஞ்சது எங்க போச்சுன்னு. ஞாபகம் இல்லன்னுதான் எல்லாரும் சொல்வாங்க.” அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் சுட்டது. “எடுத்தது யாரு?”

“நான்தான்.”

“அப்ப எங்க எடுத்தீங்களோ அங்க போய்ப் பாத்துடலாமே. அவள எடுத்துட்டு வேற ஒருத்தர வைக்கறீங்க. வைக்கறது முழுசா என்னன்னு நான் பாக்கணும்.”

புதன்கிழமை மூன்று பேரும் நூலகத்துக்குப் போனோம். மகள் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். பழைய வார இதழ்களை வருடவாரியாகக் கட்டி, தடி அட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். வாசிப்பு அறையில் நீளமான மேஜை, பச்சை விளக்கு, பேசினால் திரும்பிப் பார்க்கிற நாலு பேர். நூலகர் தள்ளுவண்டியில் அந்த வருடத்துத் தொகுப்பைக் கொண்டுவந்து வைத்தார். நான் புரட்டினேன். தேதி மனப்பாடம். பக்கம் வந்தது.

கடிதம் நீளமானது. பக்கத்தின் கால்வாசியை அடைத்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து நான் முன்னால் ஒரு துண்டும் பின்னால் ஒரு துண்டும் எடுத்திருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மூன்று புள்ளியில் மறைக்கலாம் போலிருக்கிறது.

அச்சு பொடி எழுத்து. அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, “நீங்க படிங்கம்மா” என்றார். குரலைத் தாழ்த்தி, ஆங்கிலத்தைப் படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன்.

“இடுப்பெலும்பு முறிந்து ஆறு வாரம் ஆண்கள் வார்டில் கிடந்தேன். ரயில் ஓட்டியவனுக்கு அசையாமல் படுப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று சொல்ல வேண்டியதில்லை. வார்டு சிஸ்டர் ஒருவர், வேலை முடிந்து போகும்முன், காலையில் என் கால்மாட்டில் வந்து நின்று முகத்தைப் பார்ப்பார். ‘இன்றைக்கு நீங்கள் ஸ்மைலிஷ்’ என்பார்.”

மகள் என் தோளைப் பிடித்தாள். கடிதத்தில் இருந்தது அவள் அம்மா வேலை பார்த்த மருத்துவமனையின் பெயர். நான் நிறுத்தவில்லை. இதற்கு மேல் வருவதுதான் நான் வெட்டியது.

“இந்தச் சொல்லை எங்கே பிடித்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். ‘எங்கள் வீட்டில்’ என்றார். ‘என் கணவர் தராசு சோதிக்கிறவர். யாருக்கும் ஒரு சிரிப்பை முழுதாக நிறுத்துக் கொடுக்க மாட்டார். ஆனால் காலையில் நான் வீட்டுக் கதவைத் திறக்கும்போது அந்த முகத்தில் ஒன்று வரும். வந்தது அவருக்கே தெரியாது. அதற்கு என்ன பெயர் என்று தேடினேன், எங்கேயும் இல்லை. நானே ஒன்று வைத்துக்கொண்டேன். ராத்திரி முழுக்க நின்ற கால்வலி அதைப் பார்த்ததும் போய்விடும்’ என்றார். காலையில் அவர் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போனால், மாலைக்குள் நானும் அப்படித்தான் ஆகிவிடுவேன்.”

படித்து முடித்துவிட்டு நான் தலையைத் தூக்கவில்லை. வெட்கமாக இருந்தது. பதினேழு வருடத்துக்கு முன் இதே மேஜையில் இதே கடிதத்தைப் படித்துவிட்டு, பன்னிரண்டு சொல்லுக்குள் அடக்க வேண்டுமே என்று மட்டும் கவலைப்பட்ட ஒருத்தியை நினைத்துக்கொண்டேன். அவளுக்கு ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலிருந்தது.

அவர் பக்கத்தின் மேல் குனிந்து, “கதவத் திறக்கும்போதுன்னா எழுதியிருக்கு?” என்று கேட்டார்.

“ஆமா ஐயா.”

“ஆறு பத்துக்கு வருவா. நான் கதவுக்கு நேரா நாற்காலி போட்டு உக்காந்திருப்பேன். பேப்பர் படிக்கற மாதிரி.” பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். “எங்க வீட்டுக்குப் பேப்பர் ஆறரைக்குத்தாம்மா வரும். நான் கையில வச்சிருந்தது முந்தின நாள் பேப்பர்.”

மகள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

“இத ஒரு வெளியாள்கிட்ட சொல்லியிருக்கா” என்றார் அவர். “எங்கிட்ட சொல்லவே இல்ல.”

“சொல்லியிருந்தா இல்லாத சொல்லுன்னு சொல்லியிருப்பீங்க” என்று என் வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“சொல்லத்தானேம்மா செஞ்சேன்” என்றார் அவர். “அவ அன்னிக்கு எதுக்குச் சிரிச்சான்னு இப்பதான் தெரியுது.” கையை அந்தப் பக்கத்தின் மேல் வைத்தார். தடவவில்லை, சும்மா வைத்துக்கொண்டிருந்தார். அவர் மூக்குக்கண்ணாடி நனைந்திருந்தது. துடைக்காமலே உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை கத்தரியின் அறைக்குள் போனேன். போகும்போதே கதவைக் கொஞ்சம் சத்தமாகத்தான் சாத்தினேன்.

அவர் படித்தார். “நல்லாருக்கு. ஆனா பன்னிரண்டு சொல்லுக்கு மேல போகாது மேடம். ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்.”

“சான்று ரயில் ஓட்டுநருடையதே இருக்கட்டும் சார். மூணு புள்ளியும் இருந்துட்டுப் போகட்டும். நான் கேக்கறது வேற. சொல் எப்படிப் பொறந்ததுன்னு தலைப்புல ஒரு வரி போடறோம் இல்ல? அதுல ‘ஸ்மைல்’ கூட ‘இஷ்’ சேந்துதுன்னு மட்டும் போட்டிருக்கோம். தானா எதுவும் சேரல. சேத்தது ஒரு பொம்பள. யாரு, எதுக்குச் சேத்தாங்கன்னு அச்சுல சாட்சி இருக்கு. தெரிஞ்சும் அப்படியே விட்டா அது பொய்.”

“முதல்ல அச்சிட்டதுக்குத்தான் பேரு போடறது வழக்கம்.”

“அச்சிட்டவர் ஒருத்தர், ஆக்கினவங்க ஒருத்தங்க. ஆக்கினவங்க யாருன்னு நமக்குத் தெரியறதே நூத்துல ஒரு சொல்லுக்குத்தான். கிடைச்சத வெட்டி எறிஞ்சது நான். அத ஒட்ட வைக்கறதும் நான்தான் செய்யணும். முடியாதுன்னா அந்த வரிக்கு வேற ஆளப் பாத்துக்குங்க.”

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறாளே என்று அவர் நினைத்திருப்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். நகலை இழுத்து இன்னொரு தடவை படித்தார். பிறகு பென்சிலை எடுத்து அந்த வரியை அவரே எழுதினார். ‘ஸ்மைல்’, ‘இஷ்’ இரண்டையும் சேர்த்து வார்டு சிஸ்டர் இன்னார், தம் கணவரின் முகத்துக்குப் பெயராக உருவாக்கியது, பின்வரும் கடிதம் சாட்சி. பெயரை முழுசாக எழுதினார். எண்ணிப் பார்த்தேன், அந்த இடத்தில் வழக்கமாக விடுகிற அளவைப்போல இரண்டு மடங்கு இருந்தது. கத்தரி ஒரு வரியை நீட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

“வெளிய போய் சொல்லிட்டிருக்காதீங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தராசு ஐயாவும் மகளும் வந்தார்கள். அவர் வழக்கம்போல வாஷ்பேசினுக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்தார். புரூஃபைக் கொடுத்தேன். படித்தார். மறுபடி படித்தார். ‘தம் கணவரின் முகத்துக்கு’ என்ற இடத்தில் பூதக்கண்ணாடி நின்றது.

“இத யாரும் தப்புன்னு சொல்ல முடியாதில்ல?”

“முடியாது ஐயா. கடிதம் இருக்கு, தேதி இருக்கு.”

“சரி” என்றார். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் மடிப்பு விழுந்த ஒரு தாள் இருந்தது. மனைவி அவரிடம் திருத்தக் கொடுத்த கட்டுரையின் கையெழுத்துப் படி. நடுவில் ஒரு சொல்லின் கீழே சிவப்புக் கோடு. ஓரத்தில் சிவப்பில் ‘இல்லாத சொல்’. அதை இத்தனை வருடமாக வைத்திருந்திருக்கிறார்.

“நீலப் பேனா ஒண்ணு கொடுங்கம்மா.”

கொடுத்தேன். அந்தச் சிவப்பு எழுத்தை அவர் அடிக்கவில்லை. பதிவேட்டில் எழுதியதை அடிக்கக் கூடாது என்பது அவர்கள் வேலையின் விதி. அதற்குக் கீழே அளவெடுத்த மாதிரி எழுதினார்: ‘மறுபடி சோதிக்கப்பட்டது. சரியாக உள்ளது.’ கையெழுத்துப் போட்டுத் தேதி போட்டார். முடிந்தது என்று பேனாவுக்குக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

“எங்க படிவத்துல இன்னொரு கட்டம் உண்டும்மா. சோதனை தாமதமானா எழுதியாகணும்.”

அதையும் எழுதினார். ‘தாமதம்: பதிமூன்று ஆண்டு, இரண்டு மாதம். காரணம்: ஆய்வாளரின் தவறு.’ அதற்கும் தனியாக ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார்.

மகள் அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். “இத அம்மா பாத்திருந்தா என்னப்பா சொல்லியிருப்பாங்க?” என்று கேட்டாள்.

“இதையா? இத அவ படிச்சிருக்கவே மாட்டா” என்றார் அவர். “என் மூஞ்சியத்தான் பாத்துட்டிருந்திருப்பா.”